செல்லி கேட்ட நேரம்

ஜவ்வாது மலை உறைவிடப் பள்ளி ஒன்றுக்கு அருணகிரி தலைமை ஆசிரியராக வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே சமையல் வேலை பார்த்த செல்லி, 1983 ஆவணியில் வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தாள். தூக்கம் கெட்டு, மனசு கலங்கி, யாரோ கூப்பிடுவதாகக் காட்டுக்குள் ஓடியவளை அண்ணன் கருப்பன்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். இரண்டு மாதத்தில் தேறிவிட்டாள்.

வந்த அன்றே தலைமை ஆசிரியர் அறையில் போய் நின்றாள்.

"ராத்திரி மாத்திர போட்டா விடிகாலைல கண்ணே தெறக்க முடியலைங்க சாரு. காலக் கஞ்சிய சாந்தம்மா காச்சுறேன்னுச்சு. நான் எட்டு மணிக்கு வந்து மத்தியானம், சாயந்திரம் ரெண்டு வேளையும் பாத்துக்கறேங்க. பாத்திரமும் நானே தேய்ச்சுடறேன்."

இன்னொரு சமையல்காரி சாந்தம்மாள் கதவோரம் நின்று தலையாட்டினாள்.

சரி என்று சொல்வதில் அருணகிரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பக்கத்தில் இரண்டு வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது இன்னா உன் வூடா, நெனச்ச நேரத்துக்கு வர்றதுக்கு? அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான். பைத்தியத்துக்குன்னு தனியா சட்டம் போட முடியுமா?"

வாத்தியார்கள் சிரித்தார்கள். செல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கே வந்தாள். கண்டிப்பாகப் பேசினால் எல்லாம் நடக்கும் என்று அருணகிரி நினைத்துக்கொண்டார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. ஞாயிறைப் போளூரில் குடும்பத்தோடு கழித்துவிட்டு, வழக்கம்போலப் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். பள்ளி வாசலில் மழையில் நனைந்தபடி செல்லி நின்றிருந்தாள். கையில் களி கிண்டும் துடுப்பு.

"அஞ்சு மணிக்கே வந்துட்டேன் சாரு. வந்துட்டேன். அஞ்சு மணிக்கே வந்துட்டேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சில பிள்ளைகள் சிரித்தார்கள். கருப்பன் வந்து அவளை வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனான்.

சாந்தம்மாள் அறைக்குள் வந்தாள்.

"ஒரு மாசமா மாத்திரயே போடலியாம் சாரு. போட்டா எழுந்திரிக்க முடியாது, வேல போய்டும்னு பயம். நேத்துதான் என்கிட்ட சொல்லிச்சு." திரும்பியவள் வாசற்படியில் நின்றாள். "திங்கக்கெழமன்னா நீங்க பதினோரு மணிக்குத்தான் வர்றீங்க. மொதல் ரெண்டு பீரியடு அம்சவல்லி டீச்சர்தான் பாத்துக்கறாங்க. நாங்க யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கமா?"

மேசைமேல் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. திங்கட்கிழமைக் கட்டங்களில் எல்லாம் அவர் கையெழுத்து, பக்கத்தில் ஒன்பது மணி என்று. அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை.

மார்கழியில் செல்லி ஊர் திரும்பியதும் நாலு மைல் நடந்து அவள் வீட்டுக்குப் போனார். அவரைக் கண்டதும் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் வரலைங்க சாரு. புள்ளைங்கல்லாம் பாத்துட்டாங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார்.

"எட்டு மணிக்கு வந்தா போதும்" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாரு" என்றான் கருப்பன். அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அருணகிரிக்கு.

தை மாதம் செல்லி வேலைக்கு வந்தாள். அந்த இரண்டு வாத்தியார்களையும் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்று சொல்ல அவரால் முடிந்தது. அவளிடம்தான் முடியவில்லை. அவர் மாற்றலாகிப் போகும்வரை தினமும் மத்தியானம் அவள்தான் அவருக்குச் சோறு போட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா சாரு?"

தட்டைப் பார்த்தபடியே போதும் என்று கையால் மறிப்பார். ஒரு நாளும் அவளை ஏறிட்டுப் பார்த்ததில்லை.