மறுகொட்டு வரும்வரை

படிவத்தின் ஏழாவது கேள்வியில் பாண்டிச்செல்வியின் பேனா நின்றுவிட்டது. 'நிகழ்த்தும் நேரம், இடைவெளியின்றி' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் சிறிய கட்டம். இரண்டு எண்கள் எழுதலாம், அதற்கு மேல் இடமில்லை.

"பன்னெண்டுன்னு போட்டுருங்கக்கா," என்றாள் தாரணி. மாவட்டக் கலை பண்பாட்டு அலுவலகத்தில் ஒப்பந்தப் பணியில் இருப்பவள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கலைக்குழுக்களைப் பதிவு செய்ய ஜீப் ஏறிக் குதிரைமந்தை மலையூருக்கு அவள் வருவது இது மூன்றாவது முறை. "தேர்வுல எல்லாருக்கும் பன்னெண்டு நிமிசந்தான்."

"எங்களுக்கு எவ்வளவு ஆகும்னு எங்களுக்கே தெரியாதேம்மா."

"சும்மா ஒரு குத்துமதிப்பா சொல்லுங்க."

பாண்டிச்செல்வி அந்தக் கட்டத்தையே பார்த்தாள். தலைக்கு மேல் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் பேசாமல் இருந்தால் அது மறுப்பா, யோசனையா என்று வெளியாருக்குப் பிடிபடுவதில்லை. தாரணிக்கு இரண்டு முறை வந்த பழக்கத்தில் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. கட்டத்தைக் காலியாகவே விடச் சொல்லிவிட்டு எட்டாவது கேள்விக்குப் போனாள்.

குதிரைமந்தைக்கு எதிரே, பள்ளத்துக்கு அப்பால், இன்னொரு மலையூர், மேல்வரை. கூப்பிடு தூரம் போலத் தெரியும். நடந்தால் அரை நாள். வைகாசித் திருவிழாவில் காப்புக் கட்டும் முன்னால் குதிரைமந்தையார் எட்டுப் பேர் கொட்டுப்பாறையில் ஏறி மூன்று சுற்று கொட்டு அடிப்பார்கள். பிறகு குச்சியைத் தாழ்த்திவிட்டு நிற்பார்கள். மேல்வரையிலிருந்து எட்டுப் பேர் மறுகொட்டு அடிக்க வேண்டும். அது வந்தால்தான் இரண்டு ஊரும் சேர்ந்து அடித்து முடிக்கும், இரண்டு ஊரிலும் காப்புக் கட்டுவார்கள். காற்று எதிர்த்தால், மஞ்சு மூட்டம் இறங்கினால், பதில் வர நேரமாகும். அதுவரை பேச்சில்லை, அசைவில்லை. பதில் வராமல் இரண்டாம் முறை அழைக்கவும் கூடாது. கேட்டவர் கேட்டபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் வழக்கம்.

போன வருடம் கொட்டு அடிக்கவில்லை. பாறை சரணாலய எல்லைக்குள் வந்திருந்தது. வனச்சரகர் தன்மையாகத்தான் சொன்னார். "பாரம்பரியக் கலைன்னு கலை பண்பாட்டு ஆபீஸ்ல பட்டியல்ல சேத்து ஒரு தாள் வாங்கிட்டு வாங்கம்மா. அது இருந்தா நான் விட்டுருவேன். இல்லாம விட எனக்கு அதிகாரம் இல்ல."

பட்டியலில் சேர்ந்தால் கொட்டு வாங்க உதவித்தொகை உண்டு, உடை உண்டு, கோடை விழாவில் மேடை உண்டு. பாண்டிச்செல்விக்கு அந்த ஒரு தாள் போதும்.

அதற்காகப் போன ஆண்டுக் கடைசியிலேயே ஒரு தேர்வுக்குப் போனார்கள். திண்டுக்கல்லில் ஓர் உள்ளரங்கு. மூன்று சுற்று அடித்துவிட்டு, பழக்கம் மாறாமல், எட்டுப் பேரும் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். நான்கு சுவருக்குள் மேல்வரை எங்கிருந்து வரும் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை. ஆறு நிமிடம் நின்ற பிறகு கைதட்டி அனுப்பிவைத்தார்கள். மதிப்பெண் தாளில் 'பயத்தினால் பாதியில் நின்றுவிட்டனர்' என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை அவள் பூண்டு விற்ற சீட்டுகளோடு இன்னும் வைத்திருக்கிறாள்.

"இந்தத் தடவை சுலபமா ஒரு வழி இருக்குக்கா," என்றாள் தாரணி. "நாலு பேர் மேடையில, நாலு பேர் மண்டபத்துக் கடைசியில. நீங்க அடிச்சதும் அவங்க அடிக்கட்டும். நாலே செகண்டு."

ஜீப் ஓட்டி வந்த சக்திவேல், பாண்டிச்செல்வியின் தம்பி, வாசலில் நின்றபடியே ஆமோதித்தான். "நல்ல யோசனைதானக்கா. வெரசா முடிச்சமா, தாள வாங்குனமான்னு வந்துரலாம்."

"ஏலே, நாலு செகண்டுல பதில் வரும்னு தெரிஞ்சா எதுக்குடா கேக்கணும்?"

அவன் ஜீப்புக்குப் போய்விட்டான்.

மறுநாள் அவள் மேல்வரைக்குப் போனாள். சின்னக்கருப்பன் அவளுடைய அக்கா புருசன், அந்த ஊரின் முதல் கொட்டுக்காரர். முட்டைக்கோஸ் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே ஆரம்பித்தார்.

"வா கொழுந்தியா. போன வைகாசில நின்னோம் பாரு, காலு இன்னும் வலிக்கு. ஒங்க ஊர்ல எல்லாம் செத்துக்கித்துப் போயிட்டீகளோன்னு ஒங்கக்கா அழுதுட்டா."

"அதுக்குத்தான் வந்தேன் மச்சான். கொடைக்கானல்ல தேர்வு. ஏரிக்கரை மண்டபம். நாங்க உள்ள அடிப்போம். நீங்க எட்டுப் பேரும் ஏரிக்கு அந்தக் கரையில நிக்கணும்."

சின்னக்கருப்பன் ஊசியை மூட்டையிலேயே குத்திவைத்தார். "எப்ப அடிப்பீகன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? போன் பண்ணுவியா?"

"பண்ண மாட்டேன்."

"அதான பாத்தேன். போன் போட்டுச் சொல்லிட்டு அடிச்சா அது கொட்டு இல்ல, அலாரம்." எழுந்து வேட்டியை உதறினார். "வெள்ளனே வந்துர்றோம். போண்டா நீ வாங்கித் தரணும்."

தேர்வு நாள் புதன்கிழமை. கூட்டமில்லாத பருவம். ஏரியைச் சுற்றிக் குதிரைகள் சும்மா நின்றன. பதினான்காவது குழு என்று துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். பாண்டிச்செல்வி முதல் வேலையாக மண்டபத்தின் கிழக்குச் சன்னல்களைத் திறக்கும்படி கேட்டாள். ஒலிபெருக்கிக்காரர் குளிரும் என்றார். கூட வந்த ஏழு பேரில் மூன்று பெண்கள் அவர் முடிக்கும் முன்பே திறந்துவிட்டார்கள். மறுகரையில் பைன் மரங்களின் கீழே சில உருவங்கள் தெரிந்தன. பிறகு மஞ்சு அவற்றை மூடியது.

அவளுக்கு அடுத்த குழு ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கரகாட்டக்காரர்கள். தலைவர் செல்வமுருகன், பகலில் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுகிறவர். தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார்.

"எங்களுது விடிய விடிய நடக்கும்மா மின்னாடி. இந்தத் தேர்வுக்காகப் பன்னெண்டு நிமிசத்துக்குச் சுருக்குனோம். நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கார் மேடை எல்லாம் கெடைச்சுச்சு."

"இப்ப ஊர்ல?"

"ஊர்லயும் இப்ப பன்னெண்டு நிமிசந்தான் கேக்குறாங்க. அதான் நல்லாருக்காம்." தலைப்பாகையின் மடிப்பை நீவினார். "மிச்சம் எங்க பயலுகளுக்குத் தெரியாது. எனக்கே நடுவுல கொஞ்சம் மறந்துபோச்சு."

பாண்டிச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். யாரும் அவரிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. ஒரு கட்டத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவர் நிரப்பினார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த குச்சியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினான்காம் எண்ணை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று நடுவர்கள். நடுவில் உதவி இயக்குநர் சேனாதிபதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுதும் பழக்கமுள்ளவர். முன்னால் ஒரு மேசை மணி. ஒலிபெருக்கிக்காரர் ஆளுக்கொரு மைக்காக எட்டுக் கொட்டுக்கும் முன்னால் வைத்துவிட்டு இறங்கினார்.

மூன்று சுற்று அடித்தார்கள். மண்டபம் அதிர்ந்தது. குச்சிகள் தாழ்ந்தன.

ஒரு நிமிடம். நடுவர் ஒருவர் கைதட்டத் தொடங்கி, மற்றவர் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நிமிடம் ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து வயர்களை ஆட்டிப் பார்த்தார். நான்காம் நிமிடம் யாரோ இருமினார்கள். சேனாதிபதி கண்ணாடியை இறக்கிப் படிவத்தைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார்.

நின்று பழகியவளுக்கு அந்த நேரம் காலி நேரம் அல்ல. முதலில் சொந்த மூச்சு கேட்கும். பிறகு பக்கத்திலிருப்பவர் மூச்சு. அதற்குப் பிறகு காது உடம்பை விட்டு இறங்கி நடக்கும். படிக்கட்டு, சாலை, படகுத்துறைச் சங்கிலி, தண்ணீர். அன்று அது மறுகரை வரை போய்விட்டுத் திரும்பியது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. இருந்தும் ஏன் அடிக்கவில்லை?

பத்தாம் நிமிடம் முதல் மணி அடித்தது.

அப்போதுதான் அவள் கண் தன் கொட்டின் முன்னால் இருந்த மைக்கில் விழுந்தது. காலையிலிருந்து பதின்மூன்று குழுக்களின் சத்தமும் மண்டப வாசலில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டிகள் வழியாகத்தான் ஏரியைத் தாண்டியிருக்கும். இவர்களுடையதும் அப்படித்தான். மச்சான் காதில் விழுந்தது குதிரைமந்தை இல்லை. பெட்டி. பெட்டிக்கு அவர் பதில் சொல்ல மாட்டார். அவளாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

திரும்ப அடிக்கலாமா? இரண்டாம் முறை அழைப்பது வழக்கத்தில் இல்லை. அவள் அதை மனதுக்குள் மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். போய்ச் சேராத ஒன்றை அழைப்பு என்று எப்படிச் சொல்வது?

பன்னிரண்டாம் நிமிடம் இரண்டாவது மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சதும்மா," என்றார் சேனாதிபதி. "எறங்குங்க."

"நாங்க இன்னும் கூப்பிடவே இல்ல சார்."

"கூப்பிடலயா? அடிச்சீங்களே."

"அது பெட்டி அடிச்சது. மைக்க நிறுத்தச் சொல்லுங்க."

"அடுத்த குழு காத்துக்கிட்டிருக்கு."

மேடைப் படியருகே நின்ற செல்வமுருகன் தொண்டையைச் செருமினார். "அவுக எங்க நேரத்துல எடுத்துக்கட்டும் சார். எங்களுதச் சுருக்கத்தான் தெரியுமே. இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கிறோம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. சேனாதிபதி மணியின் மேல் வைத்த கையை எடுத்தார்.

பாண்டிச்செல்வி மேடையை விட்டு இறங்கினாள். பின்னாலேயே மற்ற ஏழு பேரும். வீடியோ எடுத்தவர், "மேடம், பிரேம விட்டுப் போறீங்க," என்று கத்தினார். சன்னல் கட்டைமேல் கொட்டைச் சாய்த்து, மஞ்சுக்கு நேராக, அவள் முதல் அடியை அடித்தாள்.

மூன்று சுற்று. பிறகு குச்சியைத் தாழ்த்தினாள்.

இந்த முறை மண்டபத்தில் யாரும் இருமவில்லை. ஏன் என்று தெரியாமலே நடுவர்களும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாலையில் ஒரு வேன் போனது. அதன் சத்தம் தேய்ந்து முடிந்த இடத்தில், மிகத் தொலைவில், மரத்தைத் தட்டுவது போல ஒன்று. இன்னொன்று. பிறகு எட்டுக் கொட்டும் சேர்ந்து தண்ணீரின் மேல் வந்தன. குதிரைமந்தையார் குச்சியை உயர்த்தினார்கள். இரண்டு கரையும் சேர்ந்து அடித்தபோது கரகக் குழுவின் நாதஸ்வரக்காரர் தன்னை மறந்து தாளம் போட்டார்.

முடிந்ததும் சேனாதிபதி அவளை மேசைக்கு அழைத்தார்.

"நேரக் கட்டுப்பாட்டுல பூஜ்யம். மேடைப் பயன்பாட்டுல பூஜ்யம். பங்கேற்றவங்க எட்டுன்னு போட்டிருக்கீங்க, பாதிச் சத்தம் வெளியிலருந்து வருது. இத நான் தேர்வு பண்ண முடியாதும்மா. விதிய நான் எழுதல. ஆனா கையெழுத்து என்னுது."

பாண்டிச்செல்வி குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். அவள் நகரவில்லை.

தாரணி மேசையின் பக்கவாட்டில் வந்து விதிமுறைப் புத்தகத்தை ஒரு பக்கத்தில் விரித்து வைத்தாள். "சார், பதினொண்ணாவது விதி. மேடையில நிகழ்த்த ஏலாத கலைய நிகழுற இடத்துக்கே போய்ப் பாக்கலாம்னு இருக்கு."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே."

"நான் கேக்குறேன் சார்," என்றாள் பாண்டிச்செல்வி.

சேனாதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "பாத்துட்டுத்தான் முடிவு சொல்வோம். பட்டியல்ல சேக்குறோம்னு இப்ப வாக்குக் குடுக்க முடியாது."

"வாக்கு வேண்டாம். எங்க பாறைக்கு வரணும்னா நீங்க வனச்சரகருக்கு எழுதணும். அத எழுதுங்க. வைகாசி ரெண்டாஞ் செவ்வாக்கெழம."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கடிதம் போனால் பாறை அன்றைக்காவது திறந்தாக வேண்டும். அவருக்கும் அது புரிந்தது என்பது அவர் உதட்டோரத்தில் தெரிந்தது. கடிதத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே சின்னக்கருப்பன் ஏரியைச் சுற்றி நடந்து வந்து சேர்ந்திருந்தார். "ஏ கொழுந்தியா! மொதல்ல வந்தது என்னதுடி? இவன் ஆளுங்கிறான், அவன் பொட்டிங்கிறான். சண்டையே வந்துருச்சு. ஊரு கூப்பிட்டா பதில் சொல்லலாம், பொட்டிக்குச் சொன்னா நம்மள என்னன்னு நெனப்பாக? போண்டா எங்க?"

அவர் சத்தம் உள்ளே வரை கேட்டது. சேனாதிபதி கடிதத்தில் பாதியில் நிறுத்தினார். "ஆய்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்? ஜீப், வீடியோ எல்லாம் சொல்லணும். இந்த ஏழாவது கேள்வியக் காலியா விட்டிருக்கீங்க."

பாண்டிச்செல்வி படிவத்தை வாங்கினாள். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. கட்டத்தைத் தாண்டி, ஓரம் முழுக்க எழுதினாள். 'எதிர் மலையில் கேட்டு, அவர்கள் குச்சி எடுத்து, அவர்கள் அடிக்கும் வரை.'

சேனாதிபதி அதை இரண்டு முறை படித்தார்.

"சாப்பாடு கட்டிக்கிட்டு வாங்க சார்," என்றாள் அவள்.