உங்கள் துணை தடுமாறுகிறார்

பல்செட்டுக்காரர் செய்தது வேறு எந்தத் தொழில்காரராலும் செய்ய முடியாத தப்பு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் மேல் தாடை அச்சையும், தலைமையாசிரியை ஒருவரின் கீழ் தாடை அச்சையும் சேர்த்துப் பூட்டி, அதன்மேல் இருபத்தெட்டுப் பற்களையும் மெழுகில் அழகாக வரிசை வைத்துவிட்டார். பொருத்திப் பார்க்க வந்த தலைமையாசிரியை வாயைத் திறந்ததும் மேல் செட் தொப்பென்று மடியில் விழுந்தது. ஒவ்வொரு அச்சின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதியிருக்கும். அதைப் படிக்க வேண்டிய கண்கள் அந்நேரம் போனில் கம்பளம் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆமாம், கம்பளம்தான். யாரோ ஒருவர் சேறு அப்பிய கம்பளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், அழுக்குத் தண்ணீர் ஓடும், அடியிலிருந்து ஒரு பூ எட்டிப் பார்க்கும். அது முடிந்தால் இன்னொரு கம்பளம். அறுபத்திரண்டு வயது மனிதர், சொந்த வீட்டில் ஒரு பாயைக் கூட உதறிப் போட்டறியாதவர், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் அடுத்தவர் கம்பளத்தோடு குடித்தனம் நடத்தினார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பல் கிளினிக்கின் மாடியில் அவருக்கென்று ஓர் அறை. ஒரு நீள மேஜை, மெழுகு உருக்க ஒரு சிறிய அடுப்பு, அலமாரி நிறைய ஊரார் வாய்கள், ஒரு ஜன்னல். காலையில் ஏறினால் சாயங்காலம் வரை பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். மனைவி இறந்து மூன்று வருஷமாகிறது. ஒரே மகள் வேறு ஊரில், தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" "இருக்கேன்." "மாத்திரை?" "போட்டுக்கிட்டேன்." அவ்வளவுதான். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

செட் மடியில் விழுந்த அன்று கிளினிக் டாக்டரம்மா மகளுக்குப் போன் செய்துவிட்டார். அந்த வார இறுதியிலேயே மகள் வந்து இறங்கினாள். திட்டவில்லை. அவர் போனில் ஒரு செயலியை ஏற்றினாள்.

"இது உங்களத் தடுக்காதுப்பா. வீடியோவத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வட்டம் வரும். அது பெருசாகறப்ப மூச்ச இழுங்க, சின்னதாகறப்ப விடுங்க. அப்புறம் என்ன தேடறீங்கன்னு கேக்கும். அதையும் தாண்டி இருபது நிமிஷம் பாத்துட்டீங்கன்னா எனக்குச் சொல்லிடும்."

"உனக்கா? எதுக்கு?"

"ரெண்டு பேர் சேர்ந்துதான் இதுல இருக்கணும். எனக்கும் இந்தப் பழக்கம் இருக்குப்பா. நான் பாத்தா உங்களுக்கு வரும்."

பல்செட்டுக்காரருக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகப் பட்டது. ஆனாலும் தலையாட்டினார். மகளை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாளே தடுமாறினார். இருபதாவது நிமிஷம் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'அப்பா, ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க.'

போய் நின்றார். 'நின்னுட்டேன்' என்று எழுதினார்.

'என்ன தெரியுது?'

'எதிர் கட்டடத்துல பெயின்ட் அடிக்கறாங்க.'

'என்ன கலர்?'

கலர் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. பல்லில் பதினாறு வெள்ளை தெரியும், சுவரில் ஒன்றும் தெரியாது. 'வேகாத பருப்பு மாதிரி' என்று எழுதினார். அவள் சிரிப்பு முகம் ஒன்று அனுப்பினாள். அவர் அதை அன்றைக்கு ஐந்தாறு முறை எடுத்துப் பார்த்தார்.

சும்மா சொல்லக் கூடாது, வட்டம் வேலை செய்தது. மூச்சை இழுத்து விடுவதற்குள் கம்பளத்தின் மேல் இருந்த ஆசை பாதி வடிந்துவிடும். 'என்ன தேடுகிறீர்கள்?' என்று கேட்கும்போது மீதியும் போய்விடும். மூன்றாவது வாரம் தொடர்ந்து நான்கு நாள் அவர் ஒரு கம்பளத்தைக் கூடப் பார்க்கவில்லை. போன் பாராட்டியது. மகளிடமிருந்து மட்டும் நான்கு நாளாக ஒரு வார்த்தை இல்லை. தடுமாறாதவருக்கு அவள் என்ன எழுதுவாள்?

ஐந்தாம் நாள் பல்செட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். போனை எடுத்தார், வட்டத்தோடு ஒழுங்காக மூச்சு விட்டார், 'என்ன தேடுகிறீர்கள்?' என்பதற்கு 'ஓய்வு' என்று ஒரு பொய்யை அழுத்தினார். கம்பளத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து, போனை மேஜையில் குப்புறப் போட்டார். பிறகு மெழுகுக் கத்தியை எடுத்து யாரோ ஒரு பாட்டுவாத்தியாரின் கடைவாய்ப் பற்களை வைக்க ஆரம்பித்தார். இருபது நிமிஷத்தில் போன் உறுமியது. 'அப்பா, மறுபடியுமா?' என்று இருந்தது. அவருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று.

அன்றிலிருந்து அதுவே வாடிக்கை. பார்க்க ஆளில்லாமல் கம்பளங்கள் மேஜைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு வெளுத்தன. மனிதரோ தலை நிமிராமல் வேலை பார்த்தார். வாழ்நாளில் அவர் கையிலிருந்து அப்படிப் பொருத்தமான செட்டுகள் இறங்கியதில்லை. தலைமையாசிரியைக்குப் புதிதாகச் செய்து கொடுத்ததும் பிசகில்லாமல் உட்கார்ந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மகளுடைய தடுமாற்றமும் இவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மத்தியானம் ஒன்றேகால், ஒன்றரை மணிக்கு, இவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருக்கும்போது போன் சொல்லும்: 'உங்கள் துணை தடுமாறுகிறார். அன்பாக ஒரு சொல் அனுப்புங்கள்.' இவர் 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுச் சாப்பாட்டைத் தொடருவார். முப்பத்தொரு வயசுப் பெண், கைநிறையப் பொறுப்பு, அவளைப் போய்ப் போனைக் கீழே வை என்பதா? அது அவள் பாடு. இப்படித் தனக்குத்தானே ஒரு பெருந்தன்மைப் பட்டம் கட்டிக்கொண்டார். அந்தப் 'பிறகு' ஒரு நாளும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வேலை நாள் ஒன்றில் மத்தியானம் மூன்று மணிக்கு மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் அவள் குரலைக் கேட்டதும் அவர் பதறிப்போனார்.

"என்ன பாப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லப்பா. டாக்டரம்மாகிட்ட பேசினேன். உங்க வேலை இப்ப பிரமாதம்னு சொல்றாங்க. ஆனா தினம் மூணு மணி நேரம் பாக்கறீங்கன்னு எனக்கு வருது. ரெண்டும் எப்படிப்பா ஒத்துப்போகும்?"

அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் எழுதறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கோன்னு தோணுது. இத எடுத்துடலாம்பா. நானும் விலகிக்கறேன்."

பல்செட்டுக்காரருக்குத் தலையில் இடி விழுந்தது. எடுத்துவிட்டால் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைதான். மானத்தைப் பார்த்தால் இப்போது கதை நடக்காது.

"எடுக்காத பாப்பா. நான் கம்பளமே பாக்கறதில்ல. சும்மா ஓடவிட்டுக் குப்புறப் போட்டுடுவேன்."

"எதுக்குப்பா?"

"அப்பத்தான நீ எழுதுவ."

அவர் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அழுகிறாளோ என்று நினைத்தார். சிரிக்கிறாளோ என்றும் நினைத்தார். இரண்டும் இல்லை.

"என்னோடது எத்தன தடவை வந்துதுப்பா உங்களுக்கு?"

"வரும். அப்பப்ப வரும்."

"நாப்பத்துமூணு தடவை. இங்க எண்ணிக்கை காட்டுது. ஒரு தடவை கூட நீங்க ஏன்னு கேக்கலையே."

"நீ வளந்த பொண்ணு, உன்னப் போய் நான்…"

"கேக்கலப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் தனிமையைப் பெரிய சொத்தைப் போல மூன்று வருஷம் தனக்கு மட்டுமே எழுதி வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

"இப்பக் கேக்கறேன் பாப்பா. ஏன்?"

"மத்தியானம் இங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. எனக்கு அங்க போய் ஒட்டத் தெரியல. படிக்கட்டுல உக்காந்து போனப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன்."

"எவ்வளவு நாளா?"

"அம்மா போனதுலேருந்து. அதுக்கு முன்னாடி அந்த நேரத்துல அம்மாகிட்ட போன்ல பேசுவேன்ல."

அவருக்குத் தெரியாது. மனைவி ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் ஒரு நாளும் கேட்டதுமில்லை. அவர் மாடியில் பல் வைத்துக்கொண்டிருந்த மத்தியானங்களில் தாயும் மகளும் தினமும் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"என்ன பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா எதையாவது."

பல்செட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். சும்மா எதையாவது பேசுவது எப்படி என்று அவருக்கு இந்த வயசு வரை தெரியாது. வீட்டில் அதற்கு ஓர் ஆள் இருந்தாள், அதனால் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

"எனக்கு அதெல்லாம் வராதே பாப்பா," என்றார்.

"தெரியும்ப்பா," என்றாள் மகள். ஆனால் போனை வைக்கவில்லை.