பென்சில் சிலுவை

பெரிய வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் அக்னெஸ் அன்ரியின் குசினியில் இருந்தவர்கள்: அன்ரி, அவருடைய கணவர் செபமாலை, மேல்மாடியில் குடியிருக்கும் சாரங்கன். மேசையில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், முப்பத்தொரு முட்டைகள். அவற்றின் தாயும் தகப்பனும் வாசலில் நின்ற காருக்குள், இரண்டு நாய்க்கூண்டுகளில் கம்பளி போர்த்திக் கிடந்தன. ஒவ்வொன்றும் நாலடி நீளம். டெகு என்று பெயர். தென்னமெரிக்காவில் இருந்து வந்த பல்லி இனம். செபமாலைக்கு அது உடும்பு.

"உடும்பெண்டால் உடும்பெண்டு சொல்லன் தம்பி. மிளகு கொஞ்சம் கூடப் போட்டு வைச்சால்..."

"சும்மா இருங்கோ. பெரிய கிழமையில இறைச்சிக் கதை," என்றார் அன்ரி.

காலையில் தொடங்கிய உறைமழை பனிக்கட்டியாய்ப் படிந்து, மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழுந்திருந்தன. பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஹீட்டரும் அதோடு போனது. முட்டைகளுக்கு முப்பது பாகைச் சூடு வேண்டும். பெரிய இரண்டுக்கும் குளிர் ஆகாது.

சாரங்கன் எதையும் பாதியில் விடுகிறவன். படிப்பைப் பாதியில் விட்டான். துறைமுகப் பக்கத்துக் கிட்டங்கி ஒன்றில் எட்டு வருடம் செய்த இராவேலையையும் விட்டான். ஒரு விடிகாலை பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசித் தரிப்பிடம் வரை போய், அங்கே சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தான். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. டெகு வளர்த்துக் குஞ்சு விற்கலாம் என்று தொடங்கினான். போன வருடத்து முட்டைகள் அத்தனையும் பூஞ்சணம் பிடித்துப் போயின. அவன் மனைவி நிருஷா கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்கவைக்கும் வேலை செய்கிறவள். அவள் சத்தம் போடவில்லை. "இந்த முறையும் பழுதாப் போச்செண்டால் இரண்டையும் ஆருக்காவது குடுத்துப்போட்டுத் திரும்ப இராவேலைக்குப் போறியள்," என்றாள். அவன் ஓம் என்று சொல்லியிருந்தான்.

ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருக்கும் சிநேகிதன் அருமைநாதனின் வீட்டில் கரண்ட் இருந்தது. பெரிய இரண்டையும் அங்கே கொண்டு போகலாம். முட்டைகளைக் கொண்டு போக முடியாது. அந்த ரோட்டில் கார் குலுங்கினால் கதை முடிந்தது. கட்டடத்திலேயே காஸ் அடுப்பு வைத்திருந்தவர் அன்ரி ஒருவர்தான். கோயில் விசேஷங்களுக்கு ரோல்சும் வடையும் செய்து கொடுக்கிறவர். சூடு ஆறாமல் ரோல்ஸ் கொண்டு போகும் தடித்த பெட்டிகள் அவரிடம் இருந்தன.

"உந்தப் பெரிசுகள் என்ர வாசலுக்குள்ள வரக்கூடாது. முட்டையெண்டால் வைச்சிட்டுப் போ," என்றார் அன்ரி.

"சூடு முப்பது, அன்ரி. முப்பத்தொண்டுக்கு மேல விடாதையுங்கோ. சுடுதண்ணிப் போத்தல் ஆறினால் மாத்துங்கோ."

"மன்னாரில நான் எத்தினை கோழி அடைவைச்சனான். முட்டையைப் பற்றி எனக்குப் படிப்பிக்காதை."

லவாலுக்குப் போகும் பாலத்தைத் தாண்டும்போதுதான் அந்தக் கடைசி வசனம் சாரங்கனுக்கு உறைத்தது. அடைக்கோழி தன் முட்டைகளை நாளுக்குப் பலமுறை புரட்டும். கோழி இல்லாவிட்டால் ஆட்கள் கையால் புரட்டுவார்கள். டெகு முட்டை அப்படியில்லை. கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் செத்துப்போகும். எந்தப் பக்கம் மேல் என்று தெரிவதற்காகவே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு போட்டிருந்தான். அதை அன்ரியிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாக முட்டையைப் பற்றி அவன் கதைத்த ஆட்கள் எல்லாரும் இது தெரிந்தவர்கள். சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை.

போன் எடுத்தான். அன்ரியின் போன் சார்ஜ் இல்லாமல் செத்திருந்தது. ஒரு பிரெஞ்சுக் குரல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நிருஷாவின் இடத்துக்கு வரவேண்டியவள் வர முடியாமல் போனதால் அவளும் ஆஸ்பத்திரியிலேயே நின்றாள். திரும்பிப் போகலாம் என்றால், கராஜுக்குள் இறக்கிய கூண்டுகளைக் காட்டி அருமைநாதன், "நீ போறதெண்டால் இதுகளையும் கொண்டு போ. நான் கராஜ் பக்கமே போகமாட்டன்," என்றான். அன்று பின்னேரம் மேப்பிள் கிளை ஒன்று விழுந்து காரின் முன்கண்ணாடியும் உடைந்தது. வியாழக்கிழமை முழுவதும் சாரங்கன் கராஜுக்குள் இருந்து, கிட்டங்கிக்குப் போகும் பஸ்ஸின் நேரங்களை நினைத்துப் பார்த்தான். ஒன்றும் மறந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அருமைநாதனின் வான் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். கட்டடத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அன்ரியும் செபமாலையும் பெரிய வெள்ளிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்ரி, முட்டையைத் திருப்பினியளோ?"

"முதல்ல சப்பாத்தைக் கழட்டு."

கழற்றினான்.

"திருப்பத்தான் கை வைச்சனான். திறந்து பாத்தால் எல்லா முட்டையிலயும் சிலுவை. சைவக்காரப் பிள்ளை, எங்கட வீட்டில விடுறதெண்டு எங்கட முறைக்குப் போட்டுத் தந்திருக்குது எண்டு நினைச்சன். பெரிய கிழமையில சிலுவையைக் குப்புறப் போடுவனே? பொரிக்காட்டிப் பரவாயில்லை எண்டு அப்பிடியே விட்டிட்டன்."

"இரண்டு ராவும் நித்திரையில்லை," என்றார் செபமாலை. "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பிப் போத்தில் மாத்த விட்டவ. என்ர பிள்ளையளுக்கும் நான் இப்பிடி எழும்பினதில்லை."

கோயில் செய்தித்தாளின் பின்பக்கத்தில் அன்ரி நேரமும் சூடும் எழுதி வைத்திருந்தார். இருபத்தொன்பது, முப்பது, முப்பது, இருபத்தொன்பது. ஒரு நேரமும் விடுபட்டிருக்கவில்லை. சாரங்கன் போன் வெளிச்சத்தை முதல் முட்டையின் பக்கத்தில் பிடித்தான். சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. இன்னும் நாலு முட்டை பார்த்தான். பிறகு அப்படியே குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்ரி அவன் கையில் ஒரு கோப்பை கஞ்சியைக் கொடுத்தார்.

மே மாதக் கடைசியில் இருபத்தாறு பொரித்தன. விரல் நீளத்து உடம்பு, பச்சைத் தலை. நிருஷா வேலையால் வந்து, தோள்பையையும் இறக்காமல் பெட்டிக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். இராவேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இதுகளுக்கு என்ன சாப்பாடு?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாரங்கன் கீழே இறங்கினான். அன்ரி கதவைப் பாதி திறந்து, அது கையைவிட்டுக் குதிக்காது என்று கண்டபிறகு மீதியையும் திறந்தார்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். அது சிலுவையில்லை. எது மேல்பக்கம் எண்டு தெரியிறதுக்குப் போட்ட கோடு."

"அண்டைக்கு நீ சப்பாத்தோட ஓடி வரேக்கையே விளங்கிட்டுது."

"பேந்து ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு? திருப்பாமல் விட்டது விட்டதுதானே."

உள்ளேயிருந்து செபமாலை, "இஞ்ச கொண்டு வா தம்பி, எவ்வளவு இறைச்சி தேறுமெண்டு பாப்பம்," என்றார்.

அன்ரி உள்ளே போய் ஒரு பை ரோல்சோடு வந்து அவனுடைய மற்றக் கையில் மாட்டிவிட்டார். நன்றி என்ற சொல்லை மேடையில் பேசுகிறவர்கள் சொல்லித்தான் அவன் கேட்டிருக்கிறான். மூலையில் இருக்கும் தெப்பனர் என்ற சில்லறைக் கடைக்காரனுக்கு நாளுக்கு நாலுதரம் பிரெஞ்சில் மெர்சி சொல்கிறவன். இப்போது இரண்டும் வாயில் வரவில்லை. குஞ்சு நாக்கை நீட்டி, அன்ரியின் பக்கம் ஒருதரம் ஆட்டியது.

"அன்ரி, நீங்கள் இல்லாட்டி..."

"ஓமோம். ரோல்ஸ் ஆறப்போகுது."

"பேந்து வாறன் அன்ரி."

"நீ வா. அதைக் கொண்டு வராதை."

அவன் படிப்பக்கம் திரும்பியதும் கதவு சாத்தப்பட்டது. பூட்டு ஒருதரம் திரும்பியது. பிறகு, யோசித்துவிட்டுப் போட்டதுபோல, சங்கிலியும் விழுந்தது.