நாலு கார்பரேட்டர், ரெண்டு மீட்டர்

அக்கா பஸ் ஓட்டுகிறவள். பகலெல்லாம் ஊரையே ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாலும், ஓட்டுகிற ஆசை மட்டும் அவளுக்குத் தீராது. டிப்போவில் கூட வேலை பார்த்தவர் ஒருவரிடமிருந்து பழைய நாலு சிலிண்டர் மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கினாள். வேகமாகப் போகும்போது வண்டி தங்கம். சிக்னலில் நின்றால்தான் வம்பு. குளிர்காய்ச்சல் வந்ததுபோல உடம்பெல்லாம் உதறும். பின்னால் நிற்கிற ஒரு லாரி கண்ணாடியில் மூன்று லாரியாகத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "நாலு கார்பரேட்டரும் ஒரே அளவுல காத்து இழுக்கணும்மா. இதுங்க ஆளுக்கு ஒரு பக்கமா இழுக்குது. வேக்குவம் மீட்டர் மாட்டிப் பாத்துத்தான் சரி பண்ணணும். என் மீட்டர் உடைஞ்சு கிடக்கு. புதுசு வந்ததும் சொல்றேன்."

இந்தச் செய்தி வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் அவள் கணவர். பல்செட் செய்கிற லேப் வைத்திருப்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். இன்னொருவன் அவள் தம்பி, சலூன்காரன். இருவரும் மெக்கானிக் இல்லை. அது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

சாப்பாட்டு மேஜையிலேயே சண்டை ஆரம்பித்தது.

"மாமா, முள்ளு வச்ச மீட்டர் வாங்கிடலாம். நாலு மீட்டர் ஒரே செட்டா வருது. நாலு முள்ளும் ஒரே நம்பர்ல நின்னா வேலை முடிஞ்சுது."

"முள்ளை நம்பாத மாப்ள. ஒரு தட்டு தட்டினா வேற நம்பர் காட்டும். பலகையில கண்ணாடி மாதிரி டியூபை யு மாதிரி வளைச்சு அடி. உள்ள எண்ணெய் ஊத்து. ரெண்டு முனையையும் ரெண்டு கார்பரேட்டர்ல மாட்டு. எவன் அதிகமா இழுக்குறானோ அவன் பக்கம் எண்ணெய் ஏறும். எண்ணெய் பொய் சொல்லாது."

"ரெண்டு ரெண்டா பாத்துக்கிட்டு இருந்தா விடிஞ்சிரும்."

"விடியட்டும். எனக்கு என்ன அவசரம்?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கார்பரேட்டர் இருக்கட்டும். உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா இழுக்க வைக்க முதல்ல ஒரு மீட்டர் வாங்கணும்."

யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தம்பி முள் மீட்டர் செட்டை வாங்கி வந்தான். பல்செட்காரர் பலகையும் டியூபும் சிவப்பு நிற டூ-ஸ்ட்ரோக் எண்ணெயும் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைப் பின்கட்டுக்குத் தள்ளினார்கள். டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ரோலை ஒரு பாட்டிலில் நிரப்பி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் சூடாகாமல் இருக்க, வீட்டு மேஜை ஃபேன் முன்னால் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரிய மனிதர் மாதிரி இருந்தது வண்டி.

முதல் வாய்ப்பு தம்பிக்கு. கார்பரேட்டர்களின் குட்டிக் குழாய்களை அடைத்திருந்த நாலு ரப்பர் மூடிகளையும் கழற்றி, மீட்டர் குழாய்கள் நாலையும் மாட்டி, இன்ஜினைக் கிளப்பினான். நாலு முள்ளும் தையல் மெஷின் ஊசி மாதிரி படபடவென்று அடித்தன. எந்த நம்பரென்று யாராலும் சொல்ல முடியவில்லை. பல்செட்காரருக்கு வாயெல்லாம் பல்.

"சிரிக்காதீங்க மாமா." தம்பி சட்டைப் பையிலிருந்து சலூன் கிளிப்புகளை எடுத்து ஒவ்வொரு குழாயையும் லேசாக நெரித்தான். ஆட்டம் அடங்கியது. மூன்றாவது முள் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றது. கார்பரேட்டர்களுக்கு நடுவிலிருக்கும் திருகைத் திருப்பி, நாலையும் ஒரே நம்பருக்குக் கொண்டுவந்தான். முகத்தில் வெற்றி வந்த அதே நேரம் வண்டி முன்னைவிட மோசமாக உதறத் தொடங்கியது. ஃபேனே நகர்ந்து போனது.

"தள்ளு, தள்ளு," என்று பல்செட்காரர் பலகையுடன் வந்தார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் டியூப் முனைகளை மாட்டினார். இன்ஜினைக் கிளப்பியதுதான் தாமதம், சிவப்பு எண்ணெய் விருட்டென்று மேலே ஏறியது. "பாத்தியா, மூணாவது ரொம்ப..." என்று அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எண்ணெய் டியூபைத் தாண்டி மூன்றாவது சிலிண்டருக்குள் போய்விட்டது. மூன்றாவது சிலிண்டர் அவ்வளவையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சைலன்சர் வழியாக வெள்ளை வெளேரென்று ஏப்பம் விட்டது.

பின்கட்டே காணாமல் போயிற்று. புகைக்குள்ளிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது. புகை மதில் மேல் ஏறி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளுக்குள் நிதானமாகப் புகுந்தது.

பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "சார், இப்பதான் துவைச்சுப் போட்டேன். இதைப் போத்திக்கிட்டு படுத்தா பெட்ரோல் பங்க்ல படுத்த மாதிரி இருக்கும்."

அக்கா முன்னே வந்தாள். மதிலுக்கு மேலாகக் கையை நீட்டிப் போர்வைகளை வாங்கினாள். ஒன்றைக் கணவர் கையிலும் மற்றொன்றைத் தம்பி கையிலும் போட்டாள். சோப்பை நடுவில் வைத்தாள்.

மாமனும் மச்சானும் எதிரெதிரே நின்று போர்வையைப் பிழிந்தார்கள். இருவரும் ஒரே பக்கமாக முறுக்கியதால் போர்வை சும்மா சுற்றியதே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் வடியவில்லை.

"இதுல மட்டும் ஒத்துப்போறீங்க," என்றாள் அக்கா. பிறகு மீட்டர் செட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். "ஆமாம், இந்த நாலும் ஒரே மாதிரி காட்டும்னு யாரு சொன்னா?"

தம்பி போர்வையோடு நின்றான். "ஒரே டப்பாவுல வந்துச்சுக்கா."

"நாமளும் ஒரே வீட்டுலதான்டா பிறந்தோம். மூணாவது மீட்டரை ஒண்ணாவதுல மாட்டு, ஒண்ணாவதை மூணாவதுல மாட்டு. பாப்போம்."

மாட்டினார்கள். தாழ்ந்து நின்ற முள், மீட்டரோடு சேர்ந்து ஒன்றாவது சிலிண்டருக்கு வந்தது. ஆக, குறை அந்த மீட்டரில்தான். தம்பி அதை நம்பி நல்ல கார்பரேட்டரைத் திருகிக் கெடுத்திருக்கிறான். கெட்டுப்போன அதே சிலிண்டரில் போய் மாமா எண்ணெய் டியூபை மாட்டியிருக்கிறார். தப்பு இருவருக்கும் சரிபாதியாகப் பிரிந்ததால் வீட்டில் அமைதி திரும்பியது.

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. தம்பி மீட்டர்களோடு மாமாவின் லேபுக்குப் போனான். பல்செட்டுக்கு மாவு கலக்கும்போது காற்றுக் குமிழியை உறிஞ்ச அங்கே ஒரு பம்பு உண்டு. நாலு மீட்டரையும் கிளைக் குழாய் போட்டு அந்த ஒரே பம்பில் மாட்டினார்கள். உறிஞ்சல் ஒன்றே, ஆனால் முள்கள் நின்ற இடம் வேறு வேறு. ஒவ்வொரு முள்ளும் நின்ற இடத்தில் பல்செட்காரர் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தார். இனி நம்பரைப் பார்க்க வேண்டாம். நாலு முள்ளும் அவற்றின் பொட்டைத் தொட்டால் போதும்.

"உங்க கை நடுங்கவே இல்ல மாமா," என்றான் தம்பி.

"உன் கிளிப்பு இல்லன்னா முள்ளு நின்னே இருக்காது," என்றார் அவர். அக்காவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. வெட்கத்தில் இருவரும் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு முதலில் முள் மீட்டர்களைப் போட்டு, நாலையும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் இனிமேல் துள்ளாது என்ற தைரியம் வந்த பிறகு டியூப் பலகையை மாட்டி, மிச்சமிருந்த மயிரிழை வித்தியாசத்தைப் பிடித்தார்கள். திருகைத் துளி திருப்புவது, ஆக்சிலேட்டரை ஒரு முறை முறுக்கி விடுவது, எண்ணெய் எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பது. மதிலுக்கு அந்தப் பக்கம் கொடி காலியாக இருந்தது. டீச்சர் அன்று துவைக்கவில்லை.

கடைசித் திருகில் வண்டியின் உதறல் நின்றது. படபடப்பெல்லாம் போய், வாயை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பதுபோல ஒரே சீரான சத்தம். பெட்ரோல் பாட்டிலில்கூட அலை இல்லை.

டேங்கை மாட்டியதும் அக்கா ஹெல்மெட்டைப் போட்டாள். "டீச்சர், வாங்க. போர்வைக்குப் பதிலா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்."

டீச்சர் தயங்கவே இல்லை. திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாள்களை அப்படியே வைத்துவிட்டு, கொண்டையைக் கூட அவிழ்க்காமல் இன்னொரு ஹெல்மெட்டை அதன் மேலேயே அமுக்கிக்கொண்டு ஏறினாள். வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது.

"என் டியூப்தான் கடைசியில கை கொடுத்துச்சு," என்று ஆரம்பித்தார் பல்செட்காரர்.

"அதுக்கு முன்னாடி முள்ளு..." என்று குனிந்து சாமான்களைப் பொறுக்கிய தம்பி சட்டென்று நிறுத்தினான். ஃபேனுக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் மூடி கிடந்தது. மீட்டர் குழாய் மாட்டுவதற்காகக் கழற்றிய நாலில் ஒன்று. "மாமா, இதை நீங்கதானே திருப்பி மாட்டினீங்க?"

"நான் ரெண்டு மாட்டினேன். மிச்சம் உன் பக்கம்."

அந்தத் துவாரம் திறந்திருந்தால் காற்று கள்ளத்தனமாக உள்ளே போகும். செய்த வேலையெல்லாம் வீண். இருவரும் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினார்கள். ஃபோன் அடித்தால் அக்கா எடுக்கவில்லை. மூச்சிரைக்க அவர்கள் மெயின்ரோட்டை எட்டியபோது, எதிரே வண்டி அதே முணுமுணுப்போடு அமைதியாக வந்து நின்றது.

"சிக்னல்ல நின்னேன், வெறி பிடிச்ச மாதிரி கத்துச்சு," என்றாள் அக்கா. "குனிஞ்சு பாத்தா ஒரு ஓட்டை 'உஸ்'ஸுன்னு இழுக்குது."

"அப்புறம்?"

பின்னாலிருந்து டீச்சர் எட்டிக் காட்டினாள். மூன்றாவது சிலிண்டரின் குட்டிக் குழாயில் ஒரு சிவப்புப் பேனா மூடி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. கழன்றுவிடாமல் அவளுடைய தலைமுடி ரப்பர் பேண்டால் அதைச் சுற்றியிருந்தார்கள்.

தம்பி கையிலிருந்த ஒரிஜினல் மூடியை நீட்டினான். அக்கா அதை வாங்கி ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்து மாட்டிக்கலாம். இன்னும் பாலம் வரைக்கும் போகல," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள்.