தண்ணீர் ஊற்றக் கூடாத டம்ளர்

அறிவியல் பாடத்தில் இயற்பியலும் வேதியியலும் மகளின் காலை வாரிவிட்டன. மிச்சமிருந்த நம்பிக்கை உயிரியல் செய்முறையின் பத்து மதிப்பெண்தான். இரண்டு டம்ளர்களில் பயறு போட்டு, ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவந்தாள். நோட்டைக் கொடுக்கவேண்டிய நாளன்று பார்த்தால், இரண்டுமே ஜம்மென்று முளைத்து நின்றன.

“எப்படிம்மா?” என்று அழுதாள்.

அம்மாவின் பார்வை நேராக அப்பாவிடம் போனது. பஸ் ஓட்டுநரான அவர் விட்டத்தை ஆராய்ந்தார்.

“பாவம்டி, பக்கத்துல ஒண்ணு குடிக்கறத அது பாத்துக்கிட்டே இருந்துச்சு. தினம் ஒரு ஸ்பூன்தான்…”

“நல்லா இருக்கு! புள்ள மார்க்குல கைய வச்சிட்டீங்களே!”

அழுகைக்கு நடுவே மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடியே நோட்டில் எழுதினாள்: ‘இரண்டும் முளைத்தன. பிழைக்குக் காரணம்: அப்பா.’

டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு.’