இரண்டு விதமான பத்து

சிஸ்டர் மெற்றில்டா கொடுத்தனுப்பிய கடிதத் துண்டில் நான்கு வரிகள்தான் இருந்தன. சுதர்ஷிகாவுக்குப் பத்துக் கட்டளைகள் ஒழுங்காகத் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை பெரியவர் ஒருவருடன் மறைக்கல்வி வகுப்புக்கு வர வேண்டும். அன்றும் தெரியாவிட்டால், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை அடுத்த வருடம்தான்.

சுதர்ஷிகா என் அக்காவின் மகள். எட்டு வயது. அவளுக்குப் பத்துக் கட்டளைகள் தெரியாது என்பது உண்மையல்ல. அவளுக்கு அவை இரண்டு விதமாகத் தெரியும்.

எங்களுடையது மெதடிஸ்த வீடு. அத்தானுடையது கத்தோலிக்க வீடு. கல்யாணம் பேசும்போதே பிள்ளைகள் கத்தோலிக்கர் என்று முடிவாகிவிட்டது. அப்பாவும் ஓம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அக்கா ஆஸ்பத்திரியில் தாதி, அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். நான் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டு அரசாங்க வேலை நியமனத்துக்காகக் காத்து வீட்டில் இருப்பதால் அவளுக்குச் சோறு கொடுப்பதும் வீட்டுப்பாடம் பார்ப்பதும் என் வேலை. நான்கு மணிக்கு அப்பா பைபிளை எடுத்துக்கொண்டு முன்விறாந்தைக் கதிரையில் வந்து உட்காருவார். ஐந்து மணிக்கு அத்தானின் தகப்பன் சின்னராசா மாமா மோட்டார் சைக்கிளில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவார்.

நான்கிலிருந்து ஐந்து வரை அப்பாவின் பத்து. ஐந்திலிருந்து வீடு போய்ச் சேரும் வரை மாமாவின் பத்து.

அப்பாவின் கணக்கில் இரண்டாவது, விக்கிரகம் செய்யாதே என்பது. மாமாவின் கணக்கில் அது முதலாவதற்குள் அடங்கிவிடும். இரண்டாவது, ஆண்டவரின் பெயரை வீணாகச் சொல்லாதே. அதிலிருந்து ஒவ்வொன்றும் ஓர் இலக்கம் தள்ளிப் போகும். கடைசியில் மாமாவின் ஆட்கள் பிறர் மனைவிக்கு ஒன்று, பிறர் பொருளுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துப் பத்தாக்குவார்கள். அப்பாவின் ஆட்களுக்கு அது ஒன்றுதான். இரு பக்கமும் ஒரே வசனங்கள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதை நான் ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தேன். இடது பக்கம் அம்மப்பா, அதாவது என் அப்பா; வலது பக்கம் அப்பப்பா, சின்னராசா மாமா. அது உதவி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போன சனிக்கிழமை வகுப்பில் சிஸ்டர் இரண்டாவது கட்டளையைக் கேட்டிருக்கிறார். பிள்ளை இடது பக்கத்தைச் சொல்லிவிட்டாள். சிஸ்டர் திருத்தியிருக்கிறார். அவ்வளவோடு விட்டிருக்கலாம். "நீங்கள் ஒண்டை ஒளிச்சுப்போட்டியள் எண்டு அம்மப்பா சொன்னவர்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள்.

துண்டையும் பிள்ளையையும் கொண்டு சின்னராசா மாமா ஞாயிறு பின்னேரம் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றக்கூட இல்லை.

"அண்ணை, இதென்ன வேலை?"

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டை இரண்டு தரம் வாசித்தார். "பிள்ளை சொன்னதிலை என்ன பிழை?"

"ஒளிச்சுப்போட்டமாம்! நாங்கள் என்ன கள்ளரோ?"

"சுரூபம் வைச்சுக் கும்பிடுற ஆக்களுக்கு அந்த ரெண்டாங் கற்பனை இடைஞ்சல்தானே, சின்னராசா."

"அது முதலாவதுக்குள்ளை இருக்கு. நூறு தரம் சொல்லிப்போட்டன். உங்கடை ஆக்கள்தான் அடுத்தவன்ரை பெஞ்சாதியையும் அடுத்தவன்ரை மாட்டையும் ஒரே கயித்திலை கட்டி வைச்சிருக்கிறியள்."

இருவரும் துறைமுகத்தில் ஒரே இழுவைப் படகில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர்கள். அப்பா மேலே சுக்கானில், மாமா கீழே எஞ்சினில். அங்கேயும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா சொல்லுவா. எஞ்சின் சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அவ இதில் தலையிடுவதை நிறுத்திப் பல மாதம். பிள்ளை மேசைக்குக் கீழே உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள். கிண்ணியாவில் தையற்காரி றம்லா தைத்துக் கொடுத்த முதல்நன்மைச் சட்டை உள் அறை அலுமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் பொதுவாக இவர்கள் நடுவில் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"அப்பா, அந்த அதிகாரத்திலை கட்டளைகளுக்கு இலக்கம் போடேல்லை."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டளை வாற இடத்திலை பதினேழு வசனம் இருக்கு. பத்து எண்டு வேறை இடத்திலைதான் சொல்லியிருக்கு. எது ஒண்டு, எது ரெண்டு எண்டு எங்கையும் எழுதேல்லை. எண்ணினது பிறகு வந்த ஆக்கள். ரெண்டு எண்ணிக்கையும் சரியாத்தான் இருக்கு."

அப்பா பைபிளைத் திறந்து பார்த்தார். மாமா அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இருவரின் உதடுகளும் அசைந்தன. முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணை," என்றார் மாமா, "இவளைக் கம்பசுக்குப் படிக்க விட்டது பிழை."

"நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

"வேதத்தை எண்ணிப் பாக்கிறாள்."

"நாளைக்கு அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரோ எண்டும் கேப்பாள்."

அன்றைக்குப் பின்னேரம் அவர்கள் ஒற்றுமையாக இருந்தது என்னை ஏசிய அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். பிறகு மாமா பிள்ளையை ஏற்றிக்கொண்டு போனார். வாசல் படலை தாண்டும்போதே அவர் "முதலாவது?" என்று கேட்பது கேட்டது.

அந்தக் கிழமை அப்பா நேரத்தைக் கூட்டினார். மூன்றரைக்கே கதிரைக்கு வந்துவிட்டார். சிஸ்டரிடம் சிஸ்டருடையதைச் சொல்லட்டும், ஆனால் உள்ளே சரியானது இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மாமாவும் நேரத்தைக் கூட்டினார். நாலே முக்காலுக்கே வந்து படலையில் ஹோர்ன் அடித்தார். புதன்கிழமை பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டு என்னிடம் கேட்டாள்:

"சித்தி, இப்ப எத்தினை மணி?"

"மூண்டு."

"அப்ப இடது பக்கம்."

"என்ன?"

"இடது பக்கத்தை நினைக்கவேணும். ஐஞ்சு மணிக்கு மாத்தவேணும்."

சாப்பாட்டை அரைவாசியில் தள்ளிவிட்டு எழும்பினாள். கை கழுவிவிட்டு வந்து, தனக்கு முதல்நன்மை வேண்டாம் என்றாள். சட்டையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பென்சில் தீட்டித் தரச் சொல்கிற குரலில் சொன்னாள். முன்பெல்லாம் படுக்கப்போகும் முன் தானாக முழந்தாளில் நின்று செபிப்பவள், இப்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்வதாக அக்கா போனில் சொன்னாள்.

நான் அப்பாவிடம் சொன்னேன். "சின்னராசா கரைச்சல் குடுக்கிறான். அதுதான்" என்றார். படலையில் வைத்து மாமாவிடமும் சொன்னேன். "அண்ணை போட்டுக் குழப்பிறார். அதுதான்" என்றார். அக்காவிடம் சொன்னேன். தனக்கு அன்று இரண்டாவது ஷிஃப்ற் என்றாள். அத்தான், "உங்கடை அப்பாவோடை கதைக்க என்னாலை ஏலாது, என்ரை அப்பாவோடை ஒருத்தராலையும் ஏலாது" என்றார். குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "பத்தும் தெரிஞ்ச ஆக்கள்தானே ரெண்டு பேரும்" என்றா.

சனிக்கிழமை பெரியவர் ஒருவருடன் வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் போனோம். மாமா தான்தான் பெரியவர் என்றார். அப்பா தன் மேல்தான் பழி விழுந்திருக்கிறது, தான் வராமல் முடியாது என்றார். இரண்டு பேரையும் நம்பிப் பிள்ளையை விடப் பயந்து நானும் போனேன்.

மறைக்கல்வி மண்டபம் கோவிலுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அப்பா அதற்கு முன் அந்த வளவுக்குள் வந்தது அக்காவின் கல்யாணத்துக்கு மட்டும்தான். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் இருந்த சுரூபத்துக்கு முதுகு காட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மாமா ஒரு கதிரை விட்டு உட்கார்ந்தார். நடுவில் இருந்த கதிரையில் மாமாவின் தலைக்கவசம் இருந்தது. நான் சுவரோடு நின்றேன்.

சிஸ்டர் மெற்றில்டாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்றப் பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு, சுதர்ஷிகாவை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"சொல்லும் பிள்ளை."

அவள் வலது பக்கத்தைச் சொன்னாள். ஒன்று முதல் பத்து வரை, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மாமா கால்மேல் கால் போட்டார். அப்பா கூரையைப் பார்த்தார்.

"நல்லாச் சொன்னீர்," என்றார் சிஸ்டர். "அடுத்த கிழமை முதல் பாவசங்கீர்த்தனம். பங்குச் சுவாமியாரிட்டை உம்மடை பாவத்தைச் சொல்லவேணும். அதுக்கு ஆயத்தப்படுத்த வேணும். இந்தப் பத்திலை எதை மீறினனான் எண்டு யோசிச்சுப் பாக்கவேணும். இப்ப எனக்குச் சொல்லத் தேவையில்லை. மனதுக்குள்ளை யோசிச்சாப் போதும்."

"யோசிச்சிட்டன் சிஸ்டர்."

"சரி, அதைச் சுவாமிக்குச் சொன்னாச் சரி."

"பொய்."

"பிள்ளை, எனக்கு வேண்டாம்—"

"ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். அம்மப்பா கேட்டா அப்பப்பாவின்ரை பிழை எண்டு சொல்லுவன். அப்பப்பா கேட்டா அம்மப்பாவின்ரை பிழை எண்டு சொல்லுவன். அப்பிடிச் சொன்னாத்தான் விடுவினம். இப்ப உங்களுக்குச் சொன்னதும் எனக்குச் சரியோ எண்டு தெரியாது. நீங்கள் கேட்டபடியாலை சொன்னனான்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொய் சொல்லாதே எண்டுறது எத்தினையாவது எண்டு சுவாமி கேட்டா, அவருக்கு எந்தப் பக்கத்தைச் சொல்லுறது?"

முற்றத்தில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஓடினார்கள். மாமா காலை இறக்கி வைத்தார். அப்பாவின் கை பைபிளின் மேல் அப்படியே இருந்தது, திறக்கவில்லை.

சிஸ்டர் பதிவுக் கொப்பியை எடுத்து, முதல்நன்மைப் பட்டியலில் சுதர்ஷிகாவின் பெயருக்கு எதிரே சரி போட்டார். பிறகு எழுந்து பின்வரிசைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"இந்தப் பாவத்தை ஆர் சொல்லவேணும்? எட்டு வயசுப் பிள்ளையோ?"

மாமா, "சிஸ்டர், விஷயம் என்னெண்டா—" என்று தொடங்கினார்.

"தெரியும். ரெண்டு பேரின்ரை கணக்கும் எனக்குத் தெரியும். அது பெரியாக்கள் இருந்து கதைக்கிற கதை. கதையுங்கோ. நானும் தேத்தண்ணி ஊத்தித் தாறன். பிள்ளையை விட்டிடுங்கோ."

அப்பா எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "போயிட்டு வாறம் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

வெளியில் வெயில் கொதித்தது. மதிலோரம், எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் இரண்டு, யாரோ போட்ட சோற்றுப் பார்சலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. பிள்ளை எங்களுக்கு முன்னால் நடந்தாள். றோட்டுக்கரையில் நின்றாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில் போனார்.

"சுதா, நான் உனக்குப் பிழையாச் சொல்லித் தரேல்லை."

"தெரியும்."

"அப்பப்பாவும் பிழையாச் சொல்லித் தரேல்லை." இதைச் சொல்ல அவருக்கு நேரம் எடுத்தது. மாமா பக்கம் பார்க்காமல்தான் சொன்னார்.

"அப்ப ஏன் நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக் கேட்டு..." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இனிக் கேக்காதேங்கோ. கேட்டா நான் உங்கடை வீட்டையும் வரமாட்டன், அப்பப்பாவோடை சைக்கிளிலையும் ஏறமாட்டன்."

"கேக்காமல் எப்பிடிப் பிள்ளை சொல்லித் தாறது?" மாமா உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"நீங்கள் வாசியுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன். விளங்காட்டி நான் கேக்கிறன்."

அப்பா பைபிளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "சரி" என்றார். எழுபது வயது தாண்டிய ஒரு மனிதர் ஒரே சொல்லில் ஓம்படுவதை எங்கள் வீட்டில் நான் கண்டதில்லை.

"சரி," என்றார் மாமாவும். உடனே அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. "ஆனா அண்ணை, எந்தப் பைபிள்? உங்கடையிலை ஏழு புத்தகம் குறை—"

"குறையில்லை, உங்கடையிலை கூட—"

பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

இருவரும் வாயை மூடினார்கள். மாமா தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்தார். அப்பா மான்களைப் பார்த்தார். இது எத்தனை நாளைக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்றாலும் பரவாயில்லை என்று பட்டது. இருந்தும் அன்றைக்கு அவள் மோட்டார் சைக்கிளில் ஏற மறுத்ததால் ஓட்டோ ஒன்றை மறித்தேன். மாமா சைக்கிளைப் பிறகு வந்து எடுப்பதாகச் சொல்லி, அழைக்காமலே ஏறிக்கொண்டார். அப்பா மற்றப் பக்கத்தால் ஏறினார். பின் இருக்கையில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை இருக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

சுதர்ஷிகா ஏறவில்லை. என் கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் ஏறும்படி தள்ளினாள்.

"சித்தி, நீங்கள் நடுவிலை இருங்கோ. நான் உங்கடை மடியிலை."