கைப்பிடி வைத்த தோட்டம்

"இழுக்காத மனே, அடித்துணி கிழிஞ்சிரும். ரெண்டு பேருமாத் தூக்குவம்."

வினாயகமூர்த்தி துணிச்சாடியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். மறுபக்கத்தை மனைவியின் அக்கா மகன் நிலோஜன் பிடித்தான். இடுப்பளவு வளர்ந்த கத்தரிச்செடி, மண்ணும் காயுமாக ஆடிக்கொண்டு முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தது. நிலோஜனுக்கு ஒரு கால் கோணல். சுனாமியில் கடல் வந்த அன்று முறிந்து, சரியாகப் பொருந்தாமல் போன கால். அதை இழுத்து இழுத்து அவன் அடுத்த சாடிக்குத் திரும்பினான்.

பந்தல் போட முற்றம் வேண்டியிருந்தது. அவருடைய மனைவி அன்னப்பூரணி நேற்றுப் பின்னேரம் போய்விட்டாள். வயிற்றில் வளர்ந்த கட்டி அவளைச் சுருட்டிப் பாயில் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சொன்னபோதே எல்லாருக்கும் விளங்கியது. இப்போது விறாந்தையில், தலைமாட்டில் விளக்கோடு கிடத்தியிருக்கிறார்கள். அவளைச் சுற்றிப் பெண்கள். வெளியே, முற்றம் கொள்ளாமல் அவளுடைய துணிச்சாடிகள்.

கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை. எல்லாம் கல்லுக்கு மேல் பலகை போட்டு, அடி நிலத்தில் முட்டாமல் வைக்கப்பட்டிருந்தன. செட்டிபாளையத்தில் அந்த வளவைச் சுனாமியின்போது கடல் மூடிக் கிடந்தது. வடிந்த பிறகு என்ன விதைத்தாலும் முளை கருகியது. கிணற்றை எத்தனையோ தரம் இறைத்தும் உவர் போகவில்லை. பள்ளிக்கூட மைதானத்துக் கூடாரத்தில் நாளைக் கழித்துவிட்டு, நிவாரண வீட்டுக்கு வந்த புதிதில் அவள் பிளாஸ்டிக் வாளிகளில் மண் நிரப்பித்தான் நட்டாள். செடிகள் கொஞ்சம் எழும்பி மஞ்சளாகிச் செத்தன. ஒரு வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேர் கயிறு போல வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டு, அழுகி மணத்தது.

"பாவம், மூச்சு முட்டிச் செத்திரிக்கு" என்றாள்.

பிறகுதான் வேலியில் கிழிந்து தொங்கிய கூடாரத் துணியை வெட்டி முதல் சாடியைத் தைத்தாள். தையல் நூல் ஈரத்தில் இற்றுப் போனது. வினாயகமூர்த்தி வலை பொத்தும் நைலோன் நூலையும் ஊசியையும் கொடுத்து, வாவியில் மீன் பிடிப்பவர்கள் போடும் முடிச்சையும் காட்டிக்கொடுத்தார். தும்புத் தூளும் மாட்டெருவும் மழையில் கழுவுப்பட்ட மணலும் கலந்து நிரப்புவது அவருடைய வேலை. மீன் கழுவிய தண்ணீரையும் அவர்தான் ஊற்றுவார். அந்த வருசம் கத்தரி காய்த்து முடிந்ததும் சாடியை ஓரத்தில் அறுத்துப் பார்த்தார்கள். வேர் துணிவரை வந்து, காற்றுப்பட்ட இடத்தில் நுனி காய்ந்து நின்றுவிட்டு, உள்ளே புதிதாகக் கிளைத்திருந்தது. பஞ்சு போல வெள்ளையாக, சாடி நிறைய வேர்.

கைப்பிடிகளை மட்டும் அவள் யாரையும் கேட்காமல் வைத்தாள். ஏன் என்று அவர் கேட்டார்.

"திரும்ப ஊரை விட்டு எழும்பச் சொன்னா?"

தொண்ணூறில் சண்டை மூண்டபோது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், பூவும் பிஞ்சுமாக நின்ற தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவள் அவள்.

பந்தல் கால் நட்டுக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் சீனவெடி கேட்கத் தொடங்கியது. ஒன்று ஓய முன் இன்னொன்று. விறாந்தையில் ஒப்பாரி சட்டென்று நின்றது. பக்கத்து வீட்டு றேடியோவைக் காலையிலிருந்து யாரும் நிற்பாட்டவில்லை. முல்லைத்தீவில் எல்லாம் முடிந்துவிட்டதாம். யுத்தம் முடிந்துவிட்டதாம்.

வினாயகமூர்த்தி கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார். நேற்று மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து, "றேடியோவில என்ன சொல்றான்?" என்று கேட்டிருந்தாள்.

"பாட்டுப் போகுது" என்றார் அவர்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, நிதுர்ஷன். இரண்டாயிரத்து ஆறில் கோயில் திருவிழாவுக்கென்று வாவியைக் கடந்து போனான். கூடப் போனவன் நிலோஜன். அன்னப்பூரணியின் அக்கா இராசாத்தியின் மகன். வழியில் ஆள் பிடிக்க நின்ற புலி இயக்கக்காரர் இரண்டு பேரையும் மறித்தார்கள். நிலோஜனின் காலைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நிதுர்ஷனை ஏற்றிக்கொண்டு போனார்கள். போன தைப்பொங்கல் மட்டில் அவனை முல்லைத்தீவுப் பக்கம் கண்டதாக யாரோ சொன்னதுதான் கடைசியாக வந்த கதை.

மத்தியான வெயில் சாயும் நேரத்தில் கிரியை செய்கிற பெரியவர் வந்து சேர்ந்தார். தருப்பையையும் குடத்தையும் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கடமை செய்யிற ஆர்?"

பந்தலுக்குக் கீழே நின்ற ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இராசாத்தி விறாந்தையிலிருந்து இறங்கி வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"நிலோஜன் செய்வான். அவனும் மகன் முறைதானே."

"வேணாம் மச்சாள்" என்றார் வினாயகமூர்த்தி. "அவளுக்கு மகன் இரிக்கான்."

"எங்க இரிக்கான் மச்சான்?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று இராசாத்திக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் மறுபடியும் ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது.

"இன்னொருத்தன் குடம் தூக்கினா, என்ர பிள்ளை இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி" என்றார் அவர். சத்தம் போடாமல்தான் சொன்னார். "நான் செய்யிறன்."

"பெஞ்சாதிக்குப் புருசன் குடம் தூக்கிற வழக்கமில்லையே, மூர்த்தி" என்றார் பெரியவர்.

"புருசனாச் செய்யல்ல. அவன் வாறமட்டும் அவன்ட இடத்தில நிக்கிறன்."

பெரியவர் இராசாத்தியைப் பார்த்தார். அவள் மகனைப் பார்த்தாள். நிலோஜன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா செய்யட்டும் அம்மா" என்றான். "என்னால ஏலாது. அண்டைக்கு ரெண்டு பேரும் ஒரு சைக்கிள்ளதான் போனம்."

கிணற்றடியில் சாடிகளுக்கு நடுவே ஒரு பலகையில் வினாயகமூர்த்தியை இருத்தி மொட்டை அடித்தார்கள். நரைத்த மயிர் மிளகாய்ச் செடிகளின் கீழே விழுந்தது.

பெட்டியை எடுக்கிற நேரத்தில் வேலிப் படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. காத்தான்குடியிலிருந்து உம்மு குல்தூம். வீட்டில் இருந்து தையல் தைக்கிறவள். கூடாரத் துணி முடிந்த பிறகு, கடைகளில் கழிகிற தடித்த துணிகளைச் சேர்த்து வைத்து அன்னப்பூரணிக்குக் கொடுத்து வந்தாள். அப்படியே பழகி, அன்னப்பூரணி தைத்த சாடிகளில் உம்மு குல்தூமின் வீட்டுக் கூரையிலும் இப்போது புதினாவும் தக்காளியும் நிற்கின்றன.

"ரெண்டு இடத்தில ஆமி மறிச்சிட்டாங்க அண்ணன்" என்றாள் மூச்சு வாங்க. "மையித்து வீட்டுக்குப் போறம் எண்டு செல்லித்தான் விட்டாங்க."

அவள் விறாந்தையில் குந்தி அன்னப்பூரணியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்த பாதத்தை, தைத்த துணியைத் தடவுவது போல, மெல்ல ஒருதரம் தடவினாள்.

பறை முன்னால் போக, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள் நடந்தார்கள். தோளில் குடத்தோடு வினாயகமூர்த்தி. பெருந்தெருச் சந்தியில் சென்றிக் காவலரணுக்கு முன்னால் கொடி கட்டியிருந்தார்கள். ஆமிக்காரர் மேசை போட்டு, போகிற வருகிறவர்களை மறித்து வெற்றிக்குப் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் கைநீட்டி வாங்கினார்கள். சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் தட்டோடு சிரித்தபடி இவர்கள் பக்கம் ஓடி வந்தான். பெட்டியைக் கண்டதும் நின்றான். தட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போனான். பறைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்கள்.

சிப்பாய் மொட்டைத்தலையையும் குடத்தையும் பார்த்தான்.

"அம்மாவா?" என்று தமிழில் கேட்டான்.

வினாயகமூர்த்தி குடத்தைத் தோளில் சரி செய்தார். அந்தப் பொடியனுக்கும் நிதுர்ஷனின் வயதுதான் இருக்கும்.

"ஓம்" என்றார். "அம்மா."

அவன் தொப்பியைக் கழற்றினான். அவர்கள் தெருவைக் கடந்து போகும்வரை சந்தியில் வெடி கேட்கவில்லை.

மயானம் கடற்கரைப் பக்கம். குழி வெட்டியவர்கள் மணல் சரியாமல் இருக்கத் தென்னோலை வைத்துப் பிடித்திருந்தார்கள். அவர் குடத்தோடு சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பெரியவர் கத்தியால் குடத்தில் துளையிட, தண்ணீர் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்தது. பின்பக்கமாகக் குடத்தைப் போட்டு உடைத்தார்.

"மகன் மண் போடலாம்" என்றார் பெரியவர், வாய்ப் பழக்கத்தில். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வினாயகமூர்த்தி குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினார். எத்தனையோ சாடிகளுக்கு அள்ளிப்போட்ட கைகள் அவை. கட்டி இருக்கிறதா என்று விரல்கள் தாமாகவே உதிர்த்துப் பார்த்தன. பிறகு போட்டார். நிலோஜன் அவருக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதான்.

வாவியில் முழுகிவிட்டு வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. உம்மு குல்தூமும் இராசாத்தியும் விறாந்தையைக் கழுவி முடித்திருந்தார்கள். ஓட்டோக்காரன் அவசரப்படுத்தினான். இருட்டினால் காத்தான்குடிக்குப் போவது கஷ்டம்.

"இந்தச் சாடியெல்லாம் என்ன செய்யப் போறிங்க அண்ணன்?" என்று கேட்டாள் உம்மு குல்தூம்.

"தண்ணி ஊத்துவன்."

"துணி வேணுமெண்டா ஆள் அனுப்புங்க. நான் சேர்த்து வைக்கன்." தலைத்துணியை இழுத்துவிட்டபடி அவள் போய் ஓட்டோவில் ஏறினாள்.

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. இரண்டு வாய்க்குமேல் அவருக்கு இறங்கவில்லை. இராசாத்தி சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டே, "இனி ஆரும் எழும்பச் சொல்ல மாட்டாங்க எண்டு கதைக்காங்க மச்சான்" என்றாள். "சாடியில இருக்கிறதை மெல்ல மெல்ல நிலத்தில வைக்கலாமாம். மழைக்கு உவரும் போயிருக்குமாம்."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியாக நிலோஜன் படலையடியில் நின்று திரும்பினான்.

"சித்தப்பா, படலையைச் சாத்தட்டோ? ஆடு பூந்திரும்."

"கிடக்கட்டும் மனே. திறந்து கிடக்கட்டும்."

நிலோஜன் படலையை அகலத் தள்ளி, திரும்ப மூடிக்கொள்ளாமல் அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனான்.

வினாயகமூர்த்தி கதிரையை எடுத்து வந்து பந்தலின் வாசலில், தெருவைப் பார்க்கப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஆடொன்று உள்ளே தலையை நீட்டியது. "ச்சூ" என்றார். அது போனது. அவர் மறுபடியும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.